ஹெல்மெட் மாப்பிள்ளையும் மொட்டக்கழுத்துக் கோழிகளும்

பாறசாலை
19 ஜூன் 1977, ஞாயிறு

அன்பும் மதிப்பும் மிகுந்த மைத்துனர் திரு. ரசலையன் அவர்களுக்கு, தங்கள் தமக்கையின் கணவன் எலியா வாழ்த்துதலோடு எழுதுவது. கடலுக்கு இந்தக் கரையில் நாங்கள் ஆண்டவருடைய கிருபையால் சுகமே இருக்கிறோம். அந்தக் கரையில், துபாய் வெயிலிலும் மணற்காற்றிலும், தங்களுக்கும் ஒரு குறைவு வராமல் அவரே பார்த்துக்கொள்ளும்படி குடும்ப ஜெபத்தில் தினமும் தங்கள் பெயரைச் சொல்லி வருகிறோம். கோட்டுகால்காரர் வசம் தாங்கள் கொடுத்தனுப்பிய டார்ச் லைட்டும் தைலக்குப்பியும் வந்து சேர்ந்தன. டார்ச் லைட்டு பத்திரமாக இருக்கிறது. தைலம் முழுவதும் தீர்ந்துபோயிற்று. அது எப்படித் தீர்ந்தது என்று தெரிவிக்கவே இக்கடிதம்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை, தாங்கள் எழுதியிருந்த பிரகாரம், காஞ்சிரங்குளத்திலிருந்து திருமதி புஷ்பபாய் அவர்கள் நம் மகள் ஜெபகுமாரியைத் தம் மகன் வில்சனுக்காகப் பெண் பார்க்க எழுந்தருளினார்கள். தாங்கள் அனுப்பிய வில்சனின் கலர் படத்தைத் தங்கள் அக்காள் சத்தியபாய் வேதப்புத்தகத்தில் சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவே வைத்திருந்தாள். பின்னால் கிரேன், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, நல்ல கனத்த மீசை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். கொள்ளாமே, நல்ல பையன் என்று நானும் சொன்னேன். அந்த ஹெல்மெட்டைத் தாங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கோழிக்கறி வைக்காமல் முடியுமா? நம் பக்கத்து மரியாதை தங்களுக்குத் தெரியாததல்ல. முன்கூட்டியே அறுத்துவிட்டால் நேற்றைய கறியோ என்று சந்தேகம் வரும். ஆகவே கோழியை முற்றத்துத் தென்னையில் கட்டிப்போட்டு, வந்தவர்கள் அதைக் கண்ணால் கண்டு 'எதுக்கு இதெல்லாம்' என்று சொன்ன பிறகுதான் கத்தியை எடுக்கவேண்டும். கட்டிப்போடுகிற கோழி பார்க்க லட்சணமாக இருக்கவேண்டாமா? நான் விடியற்காலம் கூட்டைத் திறந்துவிட்டு நிற்கிறேன். முதலில் ஒன்று வருகிறது, மொட்டக்கழுத்து. அடுத்தது வருகிறது, அதுவும் மொட்டக்கழுத்து. இருபது உருப்படியோளம் வெளிய வந்தாச்சு, ஒண்ணுக்காவது கழுத்து நிறைய இறகு, தூவல் கிடையாது ரசலையா, எல்லாத்துக்கும் கழுத்து செவந்து சுருங்கி, சட்டை இடாம சபைக்கு வந்த ஆளுகள் மாதிரி நிக்குது. எனக்க அப்பன் காலத்தில நமக்க விளையில முக்காலும் தூவல் கழுத்துதானே? அதெல்லாம் எங்க போச்சு? அப்பளாக்கும் நான் வேலிக்கு அந்தப்பக்கம் பாத்தேன். அடுத்த வீட்டுக் குட்டப்பனுக்க முற்றத்தில, கழுத்து நிறையத் தூவலோட, ராணி மாதிரி அவனுக்க கோழிகள் கொத்திக்கொண்டு நடக்குது. எனக்குக் காரியம் மனசிலாச்சு. கொஞ்சம் கொஞ்சமா எனக்க தூவல் கோழியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவனுக்க மொட்டக்கழுத்தை இந்தப்பக்கம் தள்ளியிருக்கான்!

சத்தியபாய் கிட்ட சொன்னேன். அவ கறிக்கு அரப்பு அரைச்சுக்கிட்டே, "கழிஞ்ச ஆண்டு நமக்க கூட்டில ரெண்டு தூவல் குஞ்சு பொரிச்சப்போ, குட்டப்பனுக்க சாவல் வேலி சாடி வந்து செய்த வேலைன்னு சொன்னீங்க. இப்பம் அவன் தூவல் கோழியக் களவெடுக்கான்னு சொல்லுதீங்க. அவன் எடுக்கானா, தாறானா? ஏதாவது ஒண்ணில நில்லுங்க"ன்னா. ரெண்டும் செய்யக்கூடிய ஆளாக்கும் அவன்னு சொல்லிட்டு நான் வேலியில ஏறினேன்.

ஏறுனது வரைக்கும் செரிதான். ஒரு நல்ல பெடையைப் பிடிச்சுக் கக்கத்தில வச்சுக்கிட்டுத் திரும்புறப்போ குட்டப்பன் பல்குச்சியோட வந்து, "எலியா அண்ணாச்சி, அது நம்மட கோழியாக்கும், கேட்டீங்களா"ன்னு நிதானமா சொன்னான். கள்ளன்னா பதறணும் இல்லியா? அவனுக்க நிதானத்திலதான் எனக்குக் கோவம் கூடிச்சு. நான் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, அவனுக்க பெஞ்சாதி ஓமனா உள்ளேருந்து வந்து ரெண்டுபேருக்கும் சேத்து நாலு சொல்ல, வேலி மேல ஒரு காலும் கீழ ஒரு காலுமா நான் நின்னு நீதி கேக்கையில, எலே, காஞ்சிரங்குளம் காரு வந்து நமக்க நடையில நிக்குது! புஷ்பபாய் அம்மா கதவத் திறந்து ஒரு கால கீழ வைக்காங்க. வேலி முறிஞ்சுது. நான் விழுந்தேன். கோழி பறந்து காருக்க மேல போய் இருந்தது. தைலம் தீர்ந்ததுக்குக் காரணம் அந்த வேலியாக்கும். இன்னும் குனிய முடியல்ல.

கடைசியில மொட்டக்கழுத்தைத்தான் அறுத்தோம். அந்த அம்மா குறை சொல்லக்கூடாது, ரெண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. கை கழுவ முற்றத்துக்கு வந்தப்போதான் மிச்சக் கோழி எல்லாத்தையும் பாத்தாங்க. முகம் மாறிப்போச்சு. "இது என்ன, எல்லாத்துக்கும் கழுத்து இப்பிடி இருக்கு? வல்ல தீனமுமா, சீக்கா?"ன்னு கேட்டாங்க. தின்ன கறி அவங்களுக்கு உள்ளேருந்து திரும்பி வரப்போற மாதிரி ஒரு நிப்பு. நான் வாயைத் திறக்கதுக்குள்ள, அதுவரைக்கும் தலை குனிஞ்சு லட்சணமா நின்ன ஜெபகுமாரி, பி.எஸ்ஸி. ஜந்து சாஸ்திரம் பரீட்சை எழுதி முடிச்ச பிள்ளையாச்சே, தலைய நிமித்தி, "தீனம் ஒண்ணும் இல்ல ஆண்டி, இது பாரம்பரியம்"னு தொடங்கிட்டா. கோழிக்கானாலும் மனுசனுக்கானாலும் ஒவ்வொரு காரியத்துக்கும் ரெண்டு சீட்டு உண்டாம், அம்மை தந்தது ஒண்ணு, அப்பன் தந்தது ஒண்ணு. ஒரு சீட்டு சத்தமா பேசுமாம், மற்றது மிண்டாம உள்ள கிடக்குமாம். தாய்க்கும் தகப்பனுக்கும் வெளிய தெரியாம ஒளிஞ்சு கிடந்தது பிள்ளைக்கு வெளிய வந்துபோடுமாம். "கழுத்தில தூவல் இல்லாம போறது, தலையில முடி இல்லாம போறது, எல்லாம் வம்சத்தில வாறதுதான் ஆண்டி. அதில வெக்கப்பட ஒண்ணும் இல்ல"ன்னு சிரிச்ச முகமா சொன்னா. பாவம், அவ உள்ளபடிதான் சொன்னா.

புஷ்பபாய் அம்மா கையில இருந்த செம்பு கீழ விழுந்துது. "எனக்க மகனுக்க தலையைப் பற்றி உங்களுக்கு ஆரு சொன்னா?"ன்னு ஒரு கேள்வி. நான் சத்தியபாயைப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா, நாங்க ரெண்டுபேரும் சேந்து நீதிமொழிகளுக்கு நடுவில இருக்க ஹெல்மெட்டை நினைச்சோம். "பெண்ணு பாக்க வந்த எடத்தில முற்றம் நிறைய மொட்டக்கழுத்தைக் காட்டி எனக்க பிள்ளையை இளக்காரம் செய்யுதீங்களா?"ன்னு கேட்டுட்டு, காருக்க மேலேருந்து குட்டப்பனுக்க கோழியத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டாங்க.

இப்பம் நான் உன்னைக் கேக்கேன் ரசலையா. ஒரே கேம்பில, ஒரே முறியில, கட்டிலுக்கு மேல கட்டிலு இட்டுப் படுக்கீங்க. அவன் ஹெல்மெட் வச்சுக்கிட்டா உறங்குதான்? குளிக்கப்போ கழத்தமாட்டானா? உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா ஒரு வரி எழுதியிருக்கலாமே, நான் பிள்ளைய சாஸ்திரம் பேசவிடாம அடுக்களைக்கு அனுப்பியிருப்பேனே. எனக்க இடுப்பு போனதில பாதி உனக்க கணக்கில இருக்கட்டு.

அன்னைக்கு வைகிட்டு நான் ஜெபகுமாரியப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு அவ, "அப்பா, குட்டப்பன் மாமன் ஒண்ணும் களவெடுக்கல்ல. தூவல் கோழியெல்லாம் தீத்தது நீங்களாக்கும்"னா. நானா? கேளு மக்கா அவ சொன்ன நியாயத்த. நமக்க அப்பன்மாரு நிலக்காரர் வலியவீட்டுப் பிள்ளைக்க மண்ணில குடிசை கெட்டிக் குடிகிடப்பா இருந்தப்போ ஓணத்துக்கு ஓணம் ஒரு கோழி கொண்டுபோய் அங்க வைக்கணும் இல்லியா? காரியஸ்தன் மொட்டக்கழுத்தை வாங்கமாட்டான், "தரித்திரம் பிடிச்ச சாதனம், கொண்டுபோ"ன்னு திருப்பி விடுவான். ஆகவே தூவல் கழுத்துதான் போகும். திருப்பிவிட்ட மொட்டக்கழுத்து வீட்டுக்கு வந்து என்ன செய்யும்? முட்டை இடும், அடையிருக்கும், குஞ்சு பொரிக்கும். பிறகு நிலச் சட்டம் வந்து பத்து செண்டு நமக்குப் பதிஞ்சு கிடைச்சுது, பிள்ளைக்க நடை ஏறவேண்டாம்னு ஆச்சு. அதோட கோழிக்கும் விடுதலைதானேன்னு கேட்டேன். "எங்க விடுதலை? பிறகு சபையில அறுப்பின் பண்டிகை ஏலம். மொட்டக்கழுத்தை ஆரும் ஏலம் கேக்கமாட்டாங்கன்னு நல்லதா பாத்து நீங்கதானே கொண்டுபோனீங்க? பிறகு ரசலையன் மாமனுக்க விசா"ன்னா. அது உள்ளதுதான். உனக்க விசாவுக்காக பாலராமபுரம் ஏஜண்டு வீட்டுக்கு நான் தூக்கிட்டு நடந்த கோழி ஒவ்வொண்ணும் தூவல் கழுத்துதான், எனக்கு நல்ல ஓர்மை உண்டு.

குட்டப்பன் பக்கத்தில சங்கதி நேர் மறிச்சு. அவன் கோழி விக்கது களியக்காவிளைச் சந்தையில, ஓட்டலுகாரங்களுக்கு. அவங்க மொட்டக்கழுத்தைத்தான் கேட்டு வாங்குவாங்க, பூடை பிடுங்குற வேலை குறைவாச்சே. அதனால அவன் மொட்டக்கழுத்தா பாத்துப் பாத்து வித்துட்டான், தூவல் கழுத்து நின்னுபோச்சு. நடுவில நம்ம பத்து செண்டுக்கு எல்லை தெரியணும்னு நான் கெட்டின வேலி. அவ அடுக்களைச் சுவரில கரிக்கட்டையால கூடை ரெண்டு வரைஞ்சு காட்டினா. நமக்க விளையில உள்ள சீட்டெல்லாம் ஒரு கூடையில இட்டா பத்தில எட்டு மொட்டை, ரெண்டு தூவல். அவனுக்க கூடையில ஏறக்குறைய தலைகீழ். "ஒரு கோழியும் தனக்க கழுத்தை மாத்தல்லப்பா. ஆரோ கை இட்டுத் தெரிஞ்செடுத்து, கூடையில உள்ள கணக்குதான் மாறிச்சு"ன்னா. துபாய்க்கு ஆளெடுப்பும் அப்பிடித்தானேன்னு நான் கேட்டேன். பம்பாயில கண்ணு பரிசோதிச்சு என்னை மட்டும் திருப்பி விட்டாங்களே, காரியஸ்தன் கோழியத் திருப்பி விட்ட மாதிரி. அவ சிரிச்சுக்கிட்டு, "திருப்பி விட்டதனாலதானே நீங்க வீட்டில இருந்தீங்க, நான் படிச்சேன்"னா. நான் சுவரை ஆரு வெள்ளையடிப்பான்னு சத்தம் போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. அடுத்த வாரமே அவங்க சபை ஊழியர் மூலமா புஷ்பபாய் அம்மா ஆளனுப்பினாங்க. கோவம் தீந்துபோச்சாம், கறி நல்ல ருசியாம், பெண்ணு நல்ல நிறமாம். ஆகஸ்டில வில்சன் லீவில வாறப்போ கல்யாணம், ஆனா பெண்ணு இனிமேல் படிக்கப்பிடாது, அந்தச் சாஸ்திரம் வீட்டுக்கு ஆவாது. எனக்குச் சம்மதம்தான். தலையில முடி இல்லாட்டா என்ன, முடியா சோறு போடப்போவுது? துபாயில கிரேன் ஓட்டுகவன் நமக்க வீட்டில வந்து பெண்ணு கேக்கது சின்னக் காரியமா? ஆனா இவ திருவனந்தபுரத்தில எம்.எஸ்ஸி.க்கு மனு போட்டிருக்கா. அதுவும் இந்தச் சீட்டு சாஸ்திரமே படிக்கணுமாம். ரெண்டு நாள் சோறு தின்னல்ல. எனக்கும் விட்டுக்குடுக்க மனசில்ல. "இந்தப் படிப்புக் கிறுக்கு உனக்கு எங்கேருந்துட்டி வந்துது? நான் நாலாம் கிளாசு. உனக்க அம்மை ஏழோட நின்னவ. எங்க ரெண்டுபேருக்கும் இல்லாத சாதனம் உனக்கு மட்டும் வானத்திலேருந்தா விழுந்துது?"ன்னு கேட்டேன். சத்தியபாய் அடுப்பு ஊதப் போயிட்டா. ஜெபகுமாரிதான் கண்ணைத் துடச்சுக்கிட்டு, "ரெண்டு மொட்டக்கழுத்துக்குத் தூவல் கழுத்துக் குஞ்சு பிறக்கும்னு நான் காட்டித் தந்தா படிக்க விடுவீங்களா? பிறக்காட்டா நீங்க சொல்லுகவனைக் கெட்டுகேன்"னா.

நான் சிரிச்சுட்டேன் ரசலையா. மாங்கொட்டை இட்டாப் புளி முளைக்குமா? செரி, வாக்குன்னு வேதப்புத்தகத்தில கை வச்சுக் குடுத்தேன். சாவலையும் பெடையையும் நீங்களே தெரிஞ்செடுங்கப்பான்னு அவளே சொன்னா. நான் விடுவேனா? நல்ல அந்தஸ்துள்ளதா பாத்தேன். கழுத்துக்கு முன்னால மட்டும் ஒரு சின்னப் பூடைக் கொத்து, போதகர் கழுத்தில கெட்டுக வெள்ளைப் பட்டி மாதிரி, அப்பிடி ஒரு சாவல் நமக்கு உண்டு. அதுக்குச் சோடியா அதே மாதிரி கொத்துள்ள ஒரு பெடை. ரெண்டையும் கொண்டுவந்து காட்டினேன். அவ சாவலைப் பாத்தா, பெடையைப் பாத்தா, "செரிப்பா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டா. சிரிச்ச மாதிரி இருந்துதுன்னு சத்தியபாய் சொல்லுதா, நான் பாக்கல்ல. குட்டப்பனுக்க சாவல் எட்டிப்பாக்கக்கூட வழியில்லாம கம்பிவலை இட்ட தனிக் கூட்டில சோடியை அடைச்சுப் பூட்டி, சாவிய எனக்க அரைஞாணில கெட்டியிருக்கேன். பழைய சேர்க்கையிருந்தா முதல்ல வாற முட்டையில அது இருக்கும்னு சொல்லி மூணு வாரத்து முட்டையைக் கணக்கில சேர்க்கல்ல, அதெல்லாம் நான்தான் தின்னேன். அதுக்குப் பிறகு உள்ளதை அடை வச்சு, இன்னைக்கோ நாளைக்கோ பொரிக்கும். முடிவு தெரிஞ்ச காரியமானதனால முந்தியே எழுதுகேன்: இந்தக் கடிதம் கண்டவுடனே வில்சனைக் கண்டு, பெண்ணு வீட்டில பூரண சம்மதம், ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளட்டும் என்று உறுதி சொல்லிவிடவும். இனி மாற்றம் இல்லை. எலியா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அக்காள் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தங்கள் கைகளின் பிரயாசத்தை ஆண்டவர் ஆசீர்வதித்து, நல்ல சுகத்தோடும் நிறைந்த பெட்டியோடும் தங்களை எங்கள் நடையில் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் நன்மையை என்றும் விரும்பும் அத்தான்
எலியா

பின்குறிப்பு: கவரை ஒட்டக் கஞ்சிப்பசை எடுக்கப் போன நேரத்தில அடைக்கோழி எழும்பிச்சு. வில்சன் கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். சொல்லிட்டேன்னா, அத்தானுக்குப் பைத்தியம் பிடிச்சுப்போச்சுன்னு சொல்லி மாத்திக்கோ. குஞ்சு பதினொண்ணு. மொட்டை உண்டு, கொத்து வச்சது உண்டு, மூணெண்ணம் கழுத்து நிறைய மஞ்சப் பஞ்சோட நிக்குது, கண்ணைத் துடச்சு மூணு தடவை பாத்தேன். குட்டப்பனுக்க சாவல்னு சொல்ல வாய் வந்துது, ஆனா சாவி எனக்க இடுப்பிலயே கிடக்குது. அவன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு சிரிச்சான். அவனிட்ட மன்னிப்பும் கேட்டாச்சு, நாளைக்கு ரெண்டுபேரும் சேந்து வேலிய நேராக்குகோம். அந்தக் கொத்துதான் அடையாளமாம் மக்கா! முழு மொட்டைக்கு ரெண்டு சீட்டும் மொட்டை. முன்னால கொத்து நின்னா, உள்ள ஒரு தூவல் சீட்டு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். நான் போதகர் பட்டின்னு நினைச்சு எனக்க கையாலயே தெரிஞ்செடுத்துக் குடுத்திருக்கேன்.

"அதெல்லாம் செரி, எனக்கும் உனக்க அம்மைக்கும் எந்தக் கொத்து இருந்துது?"ன்னு விடாம கேட்டேன். அப்பளாக்கும் சத்தியபாய் வாயைத் திறந்தா. "எனக்கு இருந்துது. ஆரும் பாக்கல்ல"ன்னா. ஏழாம் கிளாசு ஜெயிச்சப்போ டீச்சர் வீட்டுக்கு வந்து, இந்தப் பிள்ளைய நெய்யாற்றின்கரையில சேத்துப் படிக்க வைங்கன்னு உங்க அப்பன் கால்ல விழாக்குறையா கேட்டாங்களாம். அப்பம் பிறந்திருந்த உன்னை இடுப்பில எடுக்க ஆள் வேணும்னு அவளை நிறுத்திப்போட்டாங்களாம். இத்தனை ஆண்டு என்னிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஏன்டி சொல்லல்லன்னா, நீங்க கேக்கல்லன்னு சொல்லுதா. அவ குஞ்சுக்கு நொய்யரிசி இட்டுக்கிட்டே இதச் சொன்னா, அழக்கூட இல்ல.

ஜூலையில நானே கூட்டிட்டுப் போய் எம்.எஸ்ஸி.க்குச் சேக்கப்போறேன். நீ சாரி ஒண்ணும் வாங்கி வரவேண்டாம், அம்மைக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு நல்ல பேனா கொண்டுவா. கோழிக் காரியம் மட்டும் முந்தியே சொல்லிப்போடுகேன். அந்த மூணு தூவல் குஞ்சையும் தொடப்பிடாதுன்னு ஜெபகுமாரி உத்தரவு. நீ வாறப்போ முற்றத்துத் தென்னையில மொட்டக்கழுத்துதான் கெட்டியிருக்கும். காருலேருந்து இறங்கின உடனே அதைப் பாத்து, முகத்தைச் சுழிக்காம, 'எதுக்கு இதெல்லாம்'னு சொல்லணும், கேட்டியா.